ரெஜினா டீச்சரின் சிப்பிக் கணக்கு

செய்தியைக் கொண்டுவந்தது என் கடைசி மகள் செண்பகம். காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவள், சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். மற்ற குமாஸ்தாக்கள் பார்க்கிறார்களே என்ற எரிச்சலில், "ஏளா, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு இங்கன என்ன செய்யுத?" என்று அதட்டினேன். அவள் அழவில்லை. "பள்ளிக்கூடம் இல்லையாம்ப்பா. டீச்சர் வீட்டு வாசல்ல எல்லாரும் நிக்காவ. டீச்சர் எந்திரிக்கல" என்றாள். இரண்டு நாள் காய்ச்சல் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று இருந்தேன். அதட்டியதற்காக இன்றுவரை என் மனம் என்னைச் சும்மா விடவில்லை.

இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் ரெஜினா டீச்சர் அன்பானவர், பொறுமையானவர் என்றார்கள். அன்பானவர்தான். பொறுமை மட்டும் யாரோ சேர்த்துவிட்டது. உப்பளத்துப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியையாக அவரைப் பார்த்தவர்கள் நீங்கள். அந்தப் பள்ளிக்கூடம் வருவதற்கு முன்னால், என் மேசைக்கு எதிரே கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு நின்ற ரெஜினா டீச்சரைப் பார்த்தவன் நான். அவருக்குப் பொறுமை இருந்திருந்தால் அந்தப் பள்ளிக்கூடமே வந்திருக்காது. அந்தக் கதையில் தவறு செய்தவனும் நான்தான் என்பதால், அதை நானே எழுதிவிடுவதுதான் முறை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ரேஷன் கார்டு வந்த புதிது. தூத்துக்குடி எங்கள் கண்ணெதிரே பெருத்துக்கொண்டிருந்தது. மில்லுக்கும் துறைமுகத்துக்கும் ஆள் வேண்டியிருந்தது. மழை பொய்த்தால் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் பானை சட்டியோடு வந்து இறங்குவார்கள். வந்தவர்களுக்கு ஊருக்குள் இடம் ஏது? உப்பளத்தை ஒட்டி ஓலைக்குடிசை போட்டுக்கொண்டார்கள். நேற்று வரை உடைமுள் காடாக இருந்த இடத்தில் ஒரு வருஷத்தில் ஆறு தெரு முளைத்தது. தெருக்களுக்குப் பெயர்கூட வைக்கவில்லை.

அந்த வருஷம் நகரத்துக்கு ஒரே ஒரு புதிய ஆரம்பப் பள்ளிக்கு அனுமதி வந்தது. பஜார் வார்டு மெம்பர் அதைத் தன் வார்டுக்குக் கேட்டார். அங்கே ஏற்கெனவே இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. ரெஜினா டீச்சர் அப்போது ஊருக்குள் ஒரு பள்ளியில் உதவி ஆசிரியை; எங்கள் பின்வீட்டுக்குக் குடிவந்து அதிக நாள் ஆகவில்லை. அவர் உப்பளத்துக் குடிசைகளுக்காக மனுப் போட்டார். நகரசபைக் கல்விக் கமிட்டி நியாயமாகத்தான் முடிவு செய்தது. உப்பளத்துப் பக்கம் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். கமிட்டி சொன்ன அளவைத் தாண்டினால் பள்ளி அங்கே, குறைந்தால் பஜாருக்கு. எண்ணும் பொறுப்பு கல்விப் பிரிவு குமாஸ்தாவான என் தலையில் விழுந்தது.

ஆழ்வார்திருநகரியில் பிறந்து, குண்டு குண்டான கையெழுத்தாலேயே உத்தியோகம் பெற்றவன் நான். கணக்கில் பிசகு வந்தால் சோறு இறங்காது. இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மூன்றே நாளில் வேலையை முடித்தேன். தெருவில் நின்றபடியே, "எம்மா, எத்தனை பிள்ளைய?" என்று கேட்போம். உள்ளேயிருந்து "ரெண்டு", "ஒண்ணு", "ஒண்ணும் இல்லைய்யா" என்று பதில் வரும். எழுதிக்கொண்டு அடுத்த குடிசைக்கு நகருவோம். கூட்டிப் பார்த்தேன். கமிட்டி சொன்ன அளவுக்கு வரவில்லை. அடியில் கோடு போட்டு, "இப்பகுதியில் தனிப் பள்ளிக்கு அவசியமில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தக் கையெழுத்து ரொம்ப அழகாக விழுந்திருந்தது என்பது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாளே டீச்சர் வந்துவிட்டார்.

"நம்பி சார், உங்க கணக்கு தப்பு."

"மூணு தடவை கூட்டியாச்சு டீச்சர்."

"கூட்டல் சரியாத்தான் இருக்கும். எழுதுனது தப்பு. அந்தத் தெருவுக்குள்ள நடந்தீயளா, இல்ல கடைத்தெருவுக்குப் போற மாதிரி போயிட்டு வந்தீயளா? ஊரு வளந்துட்டான்னு கப்பலைப் பாத்துச் சொல்லாதீய சார். கொடியில காயுத சின்னத் துணியப் பாத்துச் சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "கொடியில காயுத துணிய வச்சு கமிட்டிக்கு ரிப்போர்ட் எழுத முடியாது" என்றேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. குடையை மேசைமேல் வைத்துவிட்டு, "சரி. உங்களுக்கு எத்தனை பிள்ளைய?" என்று கேட்டார்.

"நாலு" என்றேன்.

"அப்படியா? மாணிக்கம், சுந்தரம், கோமதி, நாச்சியார். நாலு ஆச்சு. அப்போ செண்பகம் எந்த வீட்டுப் பிள்ளை? தெனமும் பின்வாசல் வழியா எங்க குசினிக்கு வந்து கருப்பட்டி கேட்டுட்டு நிக்காளே, அவ?"

பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார். நான் மையைத் தொட்டுத் தொட்டு எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நம் பக்கத்தில் பெற்ற பிள்ளைகளின் முழுத்தொகையை வாய்விட்டுச் சொல்வதில்லை. கண் பட்டுவிடும். ஒன்றைக் குறைத்துச் சொல்வோம். செண்பகத்துக்கு முன்னால் ஒன்று பிறந்து தொட்டிலிலேயே போய்விட்டது. அதன்பின் என் மனைவி எவர் கேட்டாலும் இவளை விட்டுவிட்டுத்தான் சொல்லுவாள். கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே வாயில் படிந்துவிட்டது. படித்தவன், கணக்கன், என் வீட்டிலேயே ஒரு பிள்ளையைக் குறைத்தவன், ஆறு தெருக்காரர்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்!

"ரேஷன் கார்டுல பாக்கலாமே" என்று மெல்ல இழுத்தேன்.

"அரிசின்னா பத்து வாய்ம்பாவ, பிள்ளைன்னா ரெண்டு தலைம்பாவ. ரெண்டையும் கமிட்டி நம்பாது. வாங்க, மறுபடி எண்ணுவோம். கேக்கத் தெரிஞ்சு கேக்கணும்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை காலை ஒரு பனையோலைப் பெட்டியோடு வந்தார். பெட்டி நிறையக் கடற்கரையில் பொறுக்கிய சின்னச் சிப்பிகள். இது எதற்கு என்று கேட்டேன். நடந்துகொண்டே சொன்னார். அவருடைய அப்பா முத்துக்குளித்தவர். மூழ்கி எழுந்து வருகிறவனிடம் எத்தனை சிப்பி என்று தோணியில் யாரும் கேட்க மாட்டார்களாம். கேட்டால் அடுத்த முக்குளிப்பில் கை வெறுங்கையாக வரும் என்று பயம். "கரையில கொட்டுனப்புறம் எண்ணிக்கிடலாம்னு எங்கப்பா சொல்லுவாரு. நாமளும் அதான் செய்யப்போறோம். தாய்மாரு எண்ண வேண்டாம். நாம கரையில போய் எண்ணிக்கிடுவோம்" என்றார்.

முதல் தெருவில் மாடத்தி என்ற பெண்ணின் குடிசை. சாத்தான்குளத்துக்காரி, உப்புச் சுமக்கிறவள். என்னிடம் "ரெண்டு" என்று சொன்னவள். டீச்சர் எத்தனை என்று கேட்கவே இல்லை. உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "ஏளா மாடத்தி, மூத்தவன் பேரு என்ன?" என்றார். பேரைச் சொன்னாள். "அவனக் கூப்பிடு. லே, இதுல ஒரு சிப்பிய எடுத்து இந்தச் சட்டியில போடு. அவனுக்கு அடுத்தது?" அடுத்தது வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் நல்ல சிப்பியாகத் தேடிப் பார்த்து எடுத்துப் போட்டது. டீச்சர் பேரையும் வயதையும் நோட்டில் எழுதினார். தாய் ஒரு எண்ணையும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மாடத்தியின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது. "இது?" என்றார் டீச்சர்.

"இது எம்பிள்ளை இல்லம்மா. தவுட்டுக்கு வாங்குனது."

பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். விலைக்கு வாங்கிய பிள்ளையை எமன் தேடி வரமாட்டான் என்று நம்பிக்கை. தவிட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆகவே மாடத்தி எனக்குச் சொன்ன பதிலில் அவளைப் பொறுத்தவரை பாதிக்கு மேல் உண்மை.

"யாரு பிள்ளையா வேணாலும் இருந்துட்டுப் போட்டும். இந்த வீட்டுலதான தூங்குது? இதுக்கும் ஒரு சிப்பி" என்று டீச்சர் அந்தச் சின்னக் கையைப் பிடித்துப் பெட்டிக்குள் விட்டார். குழந்தை எடுத்த சிப்பியை வாயில் வைத்துக்கொண்டது. பிடுங்கிப் போடுவதற்குள் பெரும்பாடாகிவிட்டது. மாடத்தி அன்றுதான் முதன்முதலாக எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

இப்படியே நான்கு வாரம், சனியும் ஞாயிறும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்குப் பூசை முடிய வேண்டும். மாதா கோயில் மணி ஓய்ந்த கையோடு குடையை விரித்துக்கொண்டு வருவார். ஒரு நாள் திரும்பி வரும்போது, "உங்க வீட்டுக்கு எத்தனை சிப்பி டீச்சர்?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். கொழும்புக்குப் போன தோணியோடு அவருடைய கணவர் கடலில் போய்விட்டார் என்பது மட்டுந்தான் எனக்குத் தெரியும். "ஒருத்தன் இருந்தான் சார். மூணு வயசு. அவன் ஒருத்தன்தான்னு நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. கேட்டவங்ககிட்ட எல்லாம் இல்லைன்னே சொன்னேன். அப்பவும் போயிட்டான்" என்றார். பிறகு, "எண்ணாததால எந்தப் பிள்ளையும் தங்கிறல. எண்ணுனா ஒரு பெஞ்சாவது வரும்" என்று சேர்த்துக்கொண்டார். என் வாய்க்கொழுப்பை நொந்துகொண்டு அவருடைய பெட்டியை வாங்கித் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். டீச்சருக்குக் கூட்டல் வராது. பத்து வரி கூட்டினால் ஒன்று கூடிவிடும். "உங்களுக்கு ஒண்ணு கூடும், எனக்கு ஒண்ணு குறையும். ரெண்டு பேரும் சேந்தா சரியா வரும்" என்று நான் கேலி செய்வேன். "அதுக்குத்தான உங்களக் கூட்டிட்டுப் போறேன், இல்லாட்டி உங்க மூஞ்சிக்காகவா?" என்பார்.

கமிட்டி கூடிய அன்று, பிள்ளைகள் எடுத்துப் போட்ட சிப்பிகளைப் பெட்டியில் நிரப்பிக்கொண்டு டீச்சர் வாசலில் வந்து நின்றார். சேர்மன் உள்ளே அழைத்தார். நடுமேசையின் மேல் இருந்த தாள்களை ஒதுக்கிவிட்டுச் சிப்பிகளைக் கொட்டினார். சரசரவென்று பரவி இரண்டு மூன்று தரையிலும் விழுந்தன. பஜார் வார்டு மெம்பர் அண்ணாச்சி கெட்டிக்காரர். "ஏம்மா, கடற்கரையில அள்ளுனா எத்தனை வேணும்னாலும் வரும். இத வச்சுப் பள்ளிக்கூடம் கட்டுததா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள்.

டீச்சர் நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "ஒவ்வொண்ணுக்கும் பேரு இருக்கு அண்ணாச்சி. எந்தப் பக்கத்தையாவது புரட்டி ஒரு பேரச் சொல்லுங்க. வண்டி வச்சுப் போவோம். அந்தப் பிள்ளையத் தொட்டுப் பாத்துட்டு வந்து பேசுவோம்."

சேர்மன் என் பக்கம் திரும்பினார். "நம்பி, உம்ம கையெழுத்துல ஒரு கணக்கு இங்கன இருக்கு. அது சரியா, இது சரியா?"

பதினைந்து வருஷ உத்தியோகத்தில் நான் தப்பு என்று ஒப்புக்கொண்ட முதல் கணக்கு அதுதான். எழுந்து நின்றேன். "என் கணக்கு தப்பு ஐயா. நான் ரெண்டு எழுதுன இடத்துல எல்லாம் மூணு இருக்கு. கேட்டவுடனே முழுசாச் சொல்லுத வழக்கம் நம்மகிட்ட இல்ல. என் வீட்டுலயே எத்தனைன்னு டீச்சர் கேட்டப்போ நான் நாலுன்னு சொன்னேன். நாலு இல்ல" என்றேன். அதற்கு மேல் அந்த எண்ணைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணாச்சி உரக்கச் சிரித்தார். சேர்மன் அவரைப் பார்த்து, "அது சரி, உமக்கு எத்தனைவே?" என்று கேட்டார்.

"ஏதோ, ஆண்டவன் புண்ணியத்துல ரெண்டு மூணு கெடக்கு" என்றார் அண்ணாச்சி.

அவர் வீட்டில் ஏழு பிள்ளைகள் என்பது ஊருக்கே தெரியும். அறையே குலுங்கியது. சொன்ன பிறகுதான் அவருக்கும் உறைத்தது. நல்ல மனிதர், தோல்வியை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. "சரி, உப்பளத்துக்கே எழுதுங்க" என்றார். தரையில் விழுந்த சிப்பிகளைக் குனிந்து பொறுக்கிப் பெட்டியில் போட்டதும் அவர்தான்.

முதலில் ஓலைக்கொட்டகை, பிறகு ஓட்டுக் கட்டடம். டீச்சரையே அதற்குத் தலைமை ஆசிரியையாகப் போட்டார்கள். அவர் குடியும் உப்பளத்துப் பக்கமே போய்விட்டது. செண்பகத்தை நான் அங்கேதான் சேர்த்தேன். "கிளார்க்கு வீட்டுப் பிள்ளை உப்பளத்துப் பள்ளிக்கூடத்துலயா?" என்று கேட்டவர்கள் உண்டு. என் மனைவியும் இரண்டு நாள் பேசவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை கிடையாது என்று எழுதியவன் நான், முதல் பிள்ளையை நானே அனுப்பாமல் வேறு யார் அனுப்புவது?

மாடத்தி மகள் பள்ளிக்கு வந்த நாள் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். பெயர் என்ன என்றதற்கு, "தவிட்டம்மான்னே எழுதுங்க" என்றாள் மாடத்தி. டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "பெஞ்சு இல்லாமப் படிக்கலாம். பேரு இல்லாமப் படிக்க முடியாது. நல்ல பேரு ஒண்ணு மனசுல வச்சிருப்ப. அதச் சொல்லு, நான் காத்திருக்கேன்" என்றார். நிஜமாகவே காத்திருந்தார். மணியடித்து, வகுப்பு முடிந்து, பிள்ளைகள் சோற்றுக்குப் போய்விட்டார்கள். கடைசியில் மாடத்தி அவருடைய காதருகே குனிந்து, வேறு யாருக்கும் கேட்டுவிடாமல், "முத்துக்கனி" என்றாள். முத்துக்கனி இப்போது மூன்றாம் வகுப்பு. என்னைவிட அழகாக எழுதுகிறாள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது, ஊர் இன்னும் பெருக்கிறது. மில்லைத் தாண்டியும் குடிசைகள் போய்விட்டன. புதிய பகுதிக்குக் கணக்கெடுக்கப் போகும் குமாஸ்தாக்கள் இப்போது தெருவில் நின்று கேட்பதில்லை. உள்ளே போய்ப் பெயர்தான் கேட்கிறார்கள். அந்த வழக்கத்துக்கு எந்த உத்தரவும் கிடையாது, டீச்சரைப் பார்த்துப் பழகியதுதான். அடுத்த பள்ளிக்கான மனுவையும் அவரே எழுதி வைத்திருந்தார். அதை நான் கமிட்டிக்கு அனுப்பிவிட்டேன். இந்த முறை பள்ளி வரும். எனக்கு அதில் துளிச் சந்தேகமும் இல்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கு மட்டும் தீராமல் இருந்தது. வருஷம் ஒருமுறை, பள்ளிக்கூடப் பதிவேட்டை நான் பார்வையிடப் போகும்போது, "என்ன சார், அந்த எண்ணு இன்னும் வாயில வரலையா?" என்பார். "எழுதிக் கொடுத்திருக்கேனே டீச்சர்" என்பேன். "எழுதுததுக்கு என்ன? குமாஸ்தா என்ன வேணும்னாலும் எழுதுவாரு. வாயால சொல்லுங்க" என்பார். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். போன பதிவேட்டுக்கும் அப்படித்தான் மழுப்பிவிட்டு வந்தேன். இன்னும் பல வருஷம் கேட்பார், ஒரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

டீச்சரைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோன அன்று உப்பளத்தில் வேலை நடக்கவில்லை. மாடத்தியும் மற்ற பெண்களும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எந்தப் பிள்ளையையும் யாரும் வீட்டில் விட்டுவிட்டு வரவில்லை.

பத்து நாள் கழித்து, ரேஷன் கார்டு சரிபார்க்க ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே, "பிள்ளைங்க எத்தனை சார்?" என்றார். உள்ளே அடுப்படியில் என் மனைவியின் கைச் சத்தம் நின்றது. டீச்சர் எனக்கென்று விட்டுப்போனது குடையோ நோட்டோ இல்லை. என்னிடம் கேட்டுக் கேட்டும் வாங்காமலே போன ஒரு பதில். அதைத்தான் நான் வைத்திருக்கிறேன்.

"அஞ்சு" என்றேன். தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

உள்ளேயிருந்து செண்பகம் ஓடிவந்தாள். "என்னையும் சேத்தாப்பா?" என்று கேட்டாள்.

"உன்னையும் சேத்துத்தான்."